எத்தனை மாடு என்று கேட்கக் கூடாது

சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால், பலாப்பழம் குவித்து வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருந்தது. லாரியின் பின்பக்கத்தை அந்த மேட்டோடு ஒட்டி நிறுத்திவிட்டால் பலகை எதுவும் போடாமலே மாடுகளை ஏற்றிவிடலாம். அன்று காலை அங்கே இரண்டு லாரிகள் நின்றன. பனி இன்னும் விலகவில்லை. அழுகிய பலாச்சுளையின் வாசனையும் சாண வாசனையும் டீசல் புகையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின.

செல்லாயி அக்கா மேட்டின் ஓரத்தில் நின்றிருந்தார். அவருடைய மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக லாரிக்குள் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மாடு தாண்டும்போதும் அவர் உதடுகள் லேசாக அசைந்தன. சத்தம் எதுவும் வரவில்லை.

சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். தொந்தரவு செய்ய வேண்டாமென்று நாலடி தள்ளி நின்றுகொண்டேன். சினை மாடு ஒன்று இருக்கிறது, லாரியில் ஏற்றலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பியிருந்தார். அதற்காகத்தான் செம்மேட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தேன். ஏற்றலாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குமேல் எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் போகாமல் நின்றிருந்தேன்.

அந்த உதடுகள் எதை முணுமுணுத்தன என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வாசகருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்ன சாதித்தீர்கள்?

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்தெந்த வளைவில் எனக்கு வாந்தி வந்தது என்று போன வாரம் விவரமாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு ராசிபுரத்துப் பெரியவர் ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். ‘அவ்வளவு கஷ்டப்பட்டு ஏறிப்போய் அங்கே என்னதான் சாதித்தீர்கள்?’ என்று ஒரே வரி.

நியாயமான கேள்வி. என் வீட்டிலேயே அதைக் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் குடும்பம் காளப்பநாயக்கன்பட்டியில் மிளகு வியாபாரம். அத்தா மலைக்காரர்களிடம் மிளகும் குச்சிக்கிழங்கும் வாங்கி சேலத்துக்கு அனுப்புவார். நான் கடையில் உட்கார மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, கால்நடைப் பயிற்சி முடித்து, ஆய்வாளர் வேலையும் வாங்கி, ‘எங்கே போட்டாலும் போவேன்’ என்று வீரமாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரியும் மலைக்கே போட்டார்கள். தொண்ணூற்றெட்டோ, தொண்ணூற்றொன்பதோ. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. இது பின்னால் முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்மேட்டில் எனக்கு ஓட்டுக் கட்டடத்தில் ஒரு அறை, தடுப்பூசி வைக்க ஒரு ஐஸ் பெட்டி, ஒரு மேஜை. மலைக்காரர்கள் என்னை ‘பாய் டாக்டரு’ என்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் மாதம் சொல்லிப் பார்த்தேன். ‘பரவால்லீங்க டாக்டரு’ என்று ஆறுதல் சொன்னார்கள்.

இடுப்பு உயர மாடு

என் எல்லைக்குள் கடைசி ஊர் மேலக்கொம்பை. செம்மேட்டிலிருந்து ஜீப் போகும் தூரம் ஜீப்பில் போய், மீதியை நடக்க வேண்டும். இருபது இருபத்தைந்து வீடுகள். சுற்றிலும் சாமையும் மரவள்ளியும். ஊர் எல்லையில் ஒரு பாறை உண்டு. அங்கே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். என் செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போகாத வாரம் குறைவு.

அந்த ஊர் மாடுகளை முதலில் பார்த்தபோது கன்றுக்குட்டிகள் என்றே நினைத்தேன். என் இடுப்பு உயரம்தான் இருந்தன. கறுப்பும் செம்பழுப்புமாக, கட்டையான கால்கள், உள்பக்கம் வளைந்த சின்னக் கொம்பு. வெள்ளாடு ஏறத் தயங்கும் பாறையில் ஏறி நின்று புல் மேயும். காய்ச்சல் வராது, கோமாரி வந்தாலும் பத்து நாளில் தானே எழுந்துவிடும். என்னைப் போன்ற ஆளுக்கு அந்த ஊரில் வேலையே இல்லை என்று சொல்லாமல் சொல்லும் மாடுகள்.

பாலும் கறக்க மாட்டார்கள். பால் கன்றுக்கு, சாணம் காட்டுக்கு, எருது ஏருக்கு. இந்த மூன்றும் போக மனிதனுக்கு மாட்டிடம் என்ன வேலை என்பது அவர்கள் கட்சி. இத்தனை மாடு இருக்கும் ஊரில் நான் வருஷக்கணக்கில் வரக்காப்பி குடித்தேன்.

அந்த ஊரில் இருந்த ஒரே மந்தை செல்லாயி அக்காவுடையது. வயது நாற்பத்தைந்து இருக்கும். கணவர் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனவர், பொங்கலுக்கு வருவார், சில பொங்கலுக்கு வர மாட்டார். மந்தையும் காடும் அக்காவின் பொறுப்பு. மாடுகள் பகலெல்லாம் நெடுங்கரடு என்ற சரிவில் மேயும். பொழுது இறங்கும்போது தாமாகவே வரிசையாக நடந்து வந்து பட்டிக்குள் அடையும். பட்டி என்றால் மரக்கொம்புகளை நட்டு வளைத்த அடைப்பு. அதன் வாயில் அக்கா நிற்பார்.

போதுமான அளவு

மேலே இருந்து, நிரப்பித் தரச்சொல்லி எனக்கு ஒரு பாரம் வந்தது. ஊர்வாரியாக மாடுகளின் எண்ணிக்கையை எழுதி அனுப்ப வேண்டும். அக்காவிடம் கேட்டேன்.

“அக்கா, மாடு எத்தனை?”

“கெடக்குதுங்க.”

“எத்தனை கிடக்குது?”

“போதுமான அளவுக்குக் கெடக்குதுங்க பாய்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேலக்கொம்பையில் மாட்டை எண்ண மாட்டார்கள். எண்ணினால் மந்தை அழிந்துபோகும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்பிக்கை என்றுகூட அவர்கள் சொல்வதில்லை. மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்பது மாதிரி அது ஒரு சாதாரணத் தகவல்.

“அப்போ ஒண்ணு காணாமப் போனா எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். படித்தவன் கேட்கும் கேள்வி.

“உங்க ஊட்டுல ராத்திரி சோத்துக்கு உக்காரயில உங்க அம்மா எண்ணியா பாக்கறாங்க, ஆரு வரலைன்னு?”

பட்டி வாயில் நின்று அவர் முகங்களைத்தான் பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். சோம்பேறி, முன்னடி, கோணக்கொம்பி, வேலிதாண்டி, எப்போதும் கடைசியாக வரும் ‘மாமியா’. மாமியா உள்ளே போனால் கதவுக் கொம்பைக் குறுக்கே போட்டுவிடுவார். யாராவது வரவில்லை என்றால் மாமியா வந்து சேர்வதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

பாரத்தில் ‘போதுமான அளவு’ என்றே எழுதி அனுப்பினேன். பதினைந்து நாளில் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ‘எண்ணிக்கையை எண்ணால் எழுதவும்.’

அதனால் ஒரு நாள் திருட்டுத்தனமாக எண்ணினேன். பட்டிக்கு எதிர்ப்புறம் ஒரு சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்துகொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். பதினெட்டு வந்ததும் அக்கா திரும்பிப் பார்த்தார்.

“பாய், என்னத்துக்கு எண்ணறீங்க?”

“நான் எங்கே எண்ணினேன்? வாயே திறக்கலையே.”

“உதடு அசையுதுங்களே.”

அப்படியே நிறுத்திவிட்டேன். இரண்டாம் நாள் சோம்பேறியின் கிடாரிக் கன்று பாறையிலிருந்து வழுக்கி விழுந்து செத்துப்போனது. தற்செயல். இன்றைக்கும் சொல்வேன், தற்செயல்தான். ஊரில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை, அன்றும் வரக்காப்பி கொடுத்தார்கள். ஆனால் எல்லோரும் என் உதட்டையே பார்த்துக்கொண்டு கொடுத்தார்கள்.

இனி எண்ண மாட்டேன் என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்தேன். பாரத்தில் கற்பனையாக நாற்பத்தைந்து என்று எழுதினேன். அது உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

‘சரிங்க’ என்ற சொல்

அடுத்து வந்ததுதான் வினை. நெடுங்கரட்டுச் சரிவில் கம்பி வேலி போட்டு மரக்கன்று நடப்போகிறார்கள் என்று ஒரு சேதி. வேலி வந்தால் மேலக்கொம்பை மாடுகளுக்கு மேய இடம் கிடையாது. சுற்றிலும் மற்றதெல்லாம் பாறை அல்லது மரவள்ளி.

அதே சமயத்தில் இன்னொரு கடிதம் என் மேஜைக்கு வந்தது. மலையில் குட்டை மாட்டினம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், அதைப் பார்க்க ஒரு குழு வருவதாகவும், அது தனி இனம் என்று உறுதியானால் அது மேயும் இடத்தை வேலி போடாமல் விட்டுவிடப் பரிந்துரைப்பதாகவும் எழுதியிருந்தது. குழு நேரில் பார்த்து, அளந்து, எண்ணி எழுதிக்கொள்ளுமாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே மேலக்கொம்பைக்கு ஓடினேன். ஊர்க்கவுண்டர் வீட்டு முன்னால் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். உங்கள் மாடு அபூர்வமான மாடு, இதைப் பார்க்கத்தான் வருகிறார்கள், பார்த்துவிட்டால் நெடுங்கரடு உங்களுக்கே.

ஊர்க்கவுண்டர் மெலிந்த மனிதர், அதிகம் பேச மாட்டார். “இந்தக் கட்டை மாட்டப் பாக்கவா அம்புட்டு வளைவு ஏறி வாராங்க?” என்று கேட்டார்.

“இதைப் பார்க்கத்தான்.”

“எண்ணுவாங்களாங்க?”

“எண்ணாமல் எப்படி? எண்ணித்தானே எழுத வேண்டும்.”

எல்லோரும் செல்லாயி அக்காவைப் பார்த்தார்கள். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிங்க” என்றார் ஊர்க்கவுண்டர்.

மலையில் ‘சரிங்க’ என்றால் ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்று பொருள். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஒரு வருஷம் அங்கே குப்பை கொட்டியும் எனக்கு அது தெரியவில்லை. சம்மதம் என்று நினைத்து சந்தோஷமாக மலை இறங்கினேன், சாரி, செம்மேட்டுக்கு நடந்தேன்.

குழு வந்தது

குழுவில் மூன்று பேர். ஒருவர் மாட்டினங்களில் கரைகண்ட நிபுணர். இன்னொருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாரம்பரியம் பற்றிக் கட்டுரைகள் எழுதுபவர். மூன்றாமவர் மாவட்டத்திலிருந்து கூட வந்த அதிகாரி, குழுவுக்குச் சாப்பாடு ஏற்பாடு அவர் பொறுப்பு.

நிபுணருக்கு நாற்பதாவது வளைவில் தலைசுற்றல் ஆரம்பித்திருக்கிறது. செம்மேட்டில் இறங்கும்போது அவர் முகம் பச்சையாக இருந்தது. விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி, “நீங்க போய் அளந்துட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்” என்று ஒரு அளவு நாடாவைத் தலைமையாசிரியர் கையில் கொடுத்தார். ஆக, மாடு தெரிந்த ஒரே மனிதர் மாட்டைப் பார்க்க வரவில்லை.

மேலக்கொம்பை எல்லைப் பாறையில் செருப்பைக் கழற்றினோம். ஊருக்குள் போனோம்.

வரிசையாகக் கட்டியிருந்தார்கள். நல்ல உயரமான, வெள்ளையும் சாம்பல் மயிலையுமான, கொம்புக்கு எண்ணெய் தடவி, கழுத்தில் சலங்கை கட்டிய பன்னிரண்டு கீழ்நாட்டு மாடுகள். ஊர்மாடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஊர்க்கவுண்டர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “எண்ணத்தான போறாங்க. எண்ணிக்கட்டுமுங்க. நம்முளுத காட்டுக்குள்ள ஓட்டியாச்சு. கெழங்கு லாரி மேல வாரப்போ சும்மாதான வருது, அதுல ஏத்தியாந்தோம்.”

யோசித்துப் பார்த்தால் இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு இருக்க முடியாது. எண்ணினால் மாட்டுக்குக் கெடுதல். எண்ணாமல் விடமாட்டார்கள். ஆகவே எண்ணுவதற்கென்று வேறு மாடு. அந்த நல்ல எண்ணத்தில் ஓட்டை எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். விருந்தாளி கண்ணுக்குக் கட்டை மாட்டைக் காட்ட வேண்டாம் என்ற கௌரவமும் கூடச் சேர்ந்துகொண்டது.

“யாருடைய மாடு?” என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நாலாவதாகக் கட்டியிருந்த மயிலைப் பசு கயிற்றை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்து என் சட்டைப்பைக்குள் மூக்கை நுழைத்தது.

அது மைனா. எங்கள் வீட்டு மைனா. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே சட்டைப்பையில் கருப்பட்டி வைத்து அதன் தாய்க்குக் கொடுப்பேன். அந்தப் பழக்கம் மகளுக்கும் வந்துவிட்டது. அத்தா கொடுத்தனுப்பியிருக்கிறார். கூடவே தெருவில் உள்ள மாடுகளையும் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

தலைமையாசிரியர் உருகிப்போனார். “பாருங்கள், அரசு ஊழியர்மேல் இந்த மலை மாட்டுக்கு எவ்வளவு பாசம்!” என்று சொல்லி அதை நோட்டில் எழுதியும் கொண்டார். மைனாவையும் என்னையும் சேர்த்துப் போட்டோ எடுத்தார். பிறகு மாடுகளை வரிசையாக அளந்தார். சத்தமாக எண்ணினார். பன்னிரண்டு என்று முடித்தபோது ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது.

ஒரு ‘ஆமாங்க’

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜீப் ஒரு திருப்பத்தில் நின்றது. எதிரே மந்தை.

மாட்டை ஒளித்து வைக்கலாம், பொழுதை ஒளிக்க முடியுமா? அடையும் நேரம் வந்ததும் மாடுகள் காட்டைவிட்டுக் கிளம்பி, தம் பாட்டுக்கு ரோட்டோடு வந்துகொண்டிருந்தன. முன்னடி முன்னால். கோணக்கொம்பி, வேலிதாண்டி, சோம்பேறி. ஜீப்பின் முகப்பை உரசிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடந்தன. மந்தைக்குப் பின்னால் செல்லாயி அக்கா ஓடி வந்தார். ஜீப்பைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தலைமையாசிரியர் தலையை வெளியே நீட்டினார். “அழகாக இருக்கின்றனவே! இவையெல்லாம் கன்றுக்குட்டிகளா?”

இவைதான் ஐயா நீங்கள் பார்க்க வந்த மாடு. ஆறு சொல். எனக்கு வராத சொல் எதுவும் அதில் இல்லை. ஆனால் அதைச் சொன்னால், அப்போ நாங்கள் அளந்தது எது என்று கேட்பார்கள். அது எங்கள் வீட்டு மாடு என்று தெரியவரும். ஆய்வாளரே சொந்த வீட்டு மாட்டை ஏற்றி வந்து ஏமாற்றினான் என்று ஆகும். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருஷம் பாக்கி. இதையெல்லாம் ஒரு நொடியில் யோசித்தேன். மாட்டைப் பற்றி யோசிக்கவில்லை. அக்காவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குப் பயம்.

“ஆமாங்க” என்றேன். “கன்னுங்க.”

கடைசியாக மாமியா ஆடி அசைந்து கடந்தது. ஜீப் நகர்ந்தது.

செம்மேட்டில் நிபுணர் எழுந்து உட்கார்ந்திருந்தார். அளவுகளைப் படித்தார். “இது கீழே இருக்கிற மாடுதானே? இதிலே என்ன தனி இனம்?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க இங்கேயே இருக்கீங்க. குட்டை மாடு எதுவும் பார்த்ததில்லையா?”

பக்கத்தில் தலைமையாசிரியர் இருந்தார், கன்னுங்க என்று நான் சொன்னதைக் கேட்டவர்.

“இல்லீங்க” என்றேன்.

தனி இனம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு மறுநாள் மலை இறங்கினார்கள்.

வாழைத்தார்

அடுத்த நாள் செல்லாயி அக்கா ஒரு மலைவாழைத் தாரைத் தலையில் சுமந்துகொண்டு செம்மேடு வரைக்கும் வந்துவிட்டார். என் மேஜைமேல் இறக்கி வைத்தார்.

“நல்ல வேளைங்க பாய். கன்னுன்னு சொல்லி அவிங்க எண்ணாமக் காப்பாத்திப்போட்டீங்க. எனக்கு அப்ப உசுரே இல்லீங்க.”

அவருக்கு அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாழைப்பழம் நன்றாக இருந்தது. ஒரு வாரம் சாப்பிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது அத்தாவிடம் கத்தினேன். “எதுக்கு மாட்டைக் கொடுத்தீங்க?”

“ஏன்டா, உன்ற ஊர்க்காரங்கதான் வந்து கேட்டாங்க. உனக்கு நல்ல பேரு வரும்னு குடுத்தேன். மைனாவ நல்லாக் கழுவி அனுப்பினேனே, பாத்தியா?” என்றார்.

எண்ணப்பட்ட அந்தப் பன்னிரண்டு மாடுகளுக்கும் ஒரு குறையும் வரவில்லை. மைனா அந்த வருஷமே ஒரு கிடாரிக் கன்று போட்டது.

மழைக்காலம் முடிந்ததும் நெடுங்கரட்டில் கம்பி வேலி வந்தது. ஊர்க்கவுண்டர் என்னிடம் வந்தார். “அந்தக் கட்டை மாட்டத்தான் பாக்க வந்தாங்கன்னு நீங்க சொன்னது மெய்தானுங்களா?” என்றார். மெய்தான் என்றேன். “நாங்க, நீங்க எங்களுக்கு மனசு நோவக் கூடாதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சோமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடுகள் முதல் ஒரு வாரம் வேலி ஓரமாகவே நின்றன. அப்புறம் வேலிதாண்டி தன் பெயரைக் காப்பாற்றப் பார்த்து வயிற்றைக் கிழித்துக்கொண்டது. நான்தான் தையல் போட்டேன். பதினாலு தையல். அக்கா அதன் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமலே தைத்து முடித்தேன். முடிச்சுப் போடும்போது, குனிந்தபடியே, சொல்லிவிட்டேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த வேலி வந்திருக்காது என்று.

அக்கா அதன் காதைத் தடவிவிட்டார். “நீங்க மட்டுமா சொல்லல? மாட்டுக்குப் பின்னாடியேதான நானும் நின்னேன்?” என்றார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போட்டோ

இடையில் ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். சில வருஷம் கழித்து, சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் பெருகிய சமயத்தில், மேலக்கொம்பைக்குப் பிரியும் பாதையில் ஒரு பலகை வைத்தார்கள். ‘பாரம்பரிய மலைக் கிராமம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு மாட்டின் படம். தலைமையாசிரியரின் கட்டுரையில் வந்த போட்டோவைப் பார்த்து வரைந்திருந்தார்கள். என்னை வெட்டிவிட்டு மைனாவை மட்டும் வரைந்திருந்தார்கள். ஓவியர் நல்ல கைகாரர், சட்டைப்பையைத் தேடி நீண்ட மூக்கு அப்படியே வந்திருந்தது. அந்தப் பலகை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சோளக்காட்டு மேடு

தை மாதத்துக்குள் தீவனம் இல்லாமல் மாடுகளின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. கண் முன்னால் சாவதைப் பார்ப்பதைவிடக் கொடுத்துவிடுவது மேல் என்று அக்கா முடிவு செய்தார். அப்படித்தான் அந்தக் காலையில் சோளக்காட்டு மேட்டுக்கு இரண்டு லாரிகள் வந்தன.

முதல் லாரி நிறைந்தது. இரண்டாவது லாரியில் கோணக்கொம்பி ஏறியது. தையல் தழும்போடு வேலிதாண்டி ஏறியது. ஏறமாட்டேன் என்று அடம்பிடித்த சோம்பேறியை இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். கடைசியில் மாமியா மட்டும் மேட்டில் நின்றது. யாரும் தள்ளவில்லை. எல்லோரும் போனபின்தான் போகவேண்டும் என்ற தன் வழக்கப்படி நிதானமாக நடந்து, லாரிக்குள் போய், எங்கள் பக்கம் திரும்பி நின்றுகொண்டது.

அக்காவின் உதடுகள் ஒருமுறை அசைந்து நின்றன.

லாரியின் பின்கதவுப் பலகையைச் சாத்தினார்கள். அக்கா பழக்க தோஷத்தில், கதவுக் கொம்பைப் போடுவது போலக் கையைக் கொஞ்சம் தூக்கி, இறக்கிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார்.

“முப்பத்தினாலு” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. “என்னக்கா?”

“முப்பத்தினாலுங்க பாய். மொதல்ல வந்தப்ப இருந்து கேட்டுட்டே இருந்தீங்களே. எழுதிக்குங்க.”

அவர் சாமி கும்பிட்டிருக்கவில்லை. ஒவ்வொன்றாக எண்ணியிருந்தார்.

“அக்கா, எண்ணக் கூடாதே” என்றேன்.

“இனி எண்ணுனா என்னுங்க ஆவப்போவுது?” என்று சொல்லிவிட்டு, முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு மேட்டைவிட்டு இறங்கி நடந்தார்.

ராசிபுரத்துப் பெரியவர் கேட்டதற்குப் பதில் இதுதான். மலைமேல் போய் ஒரு ஊர்க் கால்நடைகளின் எண்ணிக்கையைச் சரியாகத் தெரிந்துகொண்டு வந்தேன். முப்பத்து நான்கு. பாரத்தில் இன்றைக்கும் நாற்பத்தைந்து என்றே இருக்கிறது.